ஓடினால் தீருமா வினை?

 

போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாடு. தேவாரம் பாடி, தீபம் காட்டி, எல்லாரும் திருநீறு வாங்கியாச்சு. அதற்குப் பிறகு "கர்ம வினை" என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேச வேண்டியது என்னுடைய முறை. நானும் புத்தகங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, ஒரு சந்தேகம். பொதுப் பணத்தை அடிச்சவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க? பெரிய வீடு, பெரிய கார். கோயிலுக்கு வந்தா அவங்களுக்குத்தான் முதல் மாலை. கர்மா அவங்களுக்கு மட்டும் லீவு விட்டுருச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனால் என் குறிப்புத் தாளில் அதற்குப் பதில் இல்லை. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தத் தம்பிக்கு நான் கொடுக்காமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் கதை வரும். ஒரு நாயனாரை விடப் பெரியவராக நாம் போற்றும் ஓர் அருளாளரின் கதையும் வரும். கடைசியில் என்னுடைய கதையும் கொஞ்சம் வரும். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் தயக்கமாக இருக்கிறது.

பூன் டெக் தொகுதி உறுப்பினர்

சிங்கப்பூரில் 1970களில் பே யூ கோக் என்று ஒருவர் இருந்தார். 1972இல் பூன் டெக் தொகுதியில் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். என்டியுசி எனப்படும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைப் பொறுப்புக்கும் உயர்ந்தார். சின்ன ஆள் இல்லை. புதிதாக எழுந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அவருடைய சங்கங்களில் இருந்தார்கள். அரசாங்கத்திலும் மதிப்பு, தொழிலாளர் மத்தியிலும் மதிப்பு.

1979இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அவரை விசாரித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மீது ஆறு குற்றச்சாட்டுகள் வந்தன. நான்கு, 83,000 வெள்ளி சம்பந்தமான நம்பிக்கை மோசடி. மற்ற இரண்டு, சங்கத்தின் பணத்தில் 18,000 வெள்ளியை முறையான அனுமதி இல்லாமல் ஒரு தனியார் பேரங்காடியில் முதலீடு செய்தது. பிணையில் வெளியே வந்தார். 1980 ஜனவரியில் நீதிமன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் அங்கே இல்லை. கைது ஆணை பிறந்தது. ஆள் நாட்டை விட்டே போய்விட்டார். தாய்லாந்தில் போய்த் தங்கினார்.

எவ்வளவு காலம் தெரியுமா? 35 ஆண்டுகள்.

2015 ஜூன் மாதம் பேங்காக்கில் இருக்கும் சிங்கப்பூர்த் தூதரகத்துக்கு ஒரு முதியவர் தாமாகவே போய்ச் சரணடைந்தார். நாட்டை விட்டுப் போனபோது நடுத்தர வயது. திரும்பி வந்தபோது வயது 81. யாரும் விலங்கு மாட்டி இழுத்து வரவில்லை. வழக்கு மறுபடியும் திறந்தது. இந்த முறை குற்றச்சாட்டுகள் ஆறு இல்லை, 34. 1973 முதல் 1979 வரை அவர் கையாடியதாகக் கணக்கிடப்பட்ட தொகை 450,000 வெள்ளிக்கும் மேல். 12 குற்றச்சாட்டுகளை அவர் ஒப்புக்கொண்டார், மற்றவை தண்டனையின்போது கருத்தில் கொள்ளப்பட்டன. 2016 ஜனவரியில் தீர்ப்பு: 60 மாதச் சிறை.

இதைப் படிக்கும் சிலர், "வெறும் நாலரை லட்சமா? அதைவிடப் பெரிய கதையெல்லாம் நம்ம நாட்டுச் செய்தியிலேயே பார்த்தாச்சே" என்று நினைக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது யாருடைய பணம் என்று பாருங்கள். சங்கப் பணம் என்றால் சந்தாப் பணம். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்யும் ஒரு அக்கா, ஒரு அண்ணன், மாதம் பிறந்தால் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. நாளைக்கு வேலையில் ஏதாவது பிரச்சினை வந்தால் சங்கம் நமக்காக நிற்கும் என்று நம்பிக் கொடுத்தது. அதனால்தான் சட்டமும் இதைத் திருட்டு என்று சொல்லாமல் "நம்பிக்கை மோசடி" என்கிறது. எடுத்தது பணம், உடைத்தது நம்பிக்கை.

நம் பாட்டிமார் "சிவன் சொத்து குலநாசம்" என்பார்கள். கோயில் உண்டியலில் கை வைத்தால்தான் சிவன் சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லா உயிரிலும் சிவன் இருக்கிறான் என்று சொல்லும் சமயம் நம்முடையது. அப்படியென்றால் பல உயிர்கள் நம்பிச் சேர்த்த எந்தப் பணமும் சிவன் சொத்துதான். தொழிற்சங்கச் சந்தாவும் சிவன் சொத்து. அரசாங்க வரிப்பணமும் சிவன் சொத்து. நம்ம இளைஞர் இயக்கத்தின் முகாம் கட்டணமும் சிவன் சொத்து.

425 மாதம், 60 மாதம்

ஒருவருடைய மனசுக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் நாள்காட்டியை மட்டும் புரட்டுகிறேன்.

அவர் போன மறு ஆண்டு, 1981இல், சாங்கி விமான நிலையம் திறந்தது. 1987இல் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. 1990இல் லீ குவான் யூ பிரதமர் பதவியிலிருந்து விலகினார். 2004இல் அவருடைய மகன் பிரதமர் ஆனார். பூன் டெக் என்ற தொகுதியே தேர்தல் வரைபடத்தில் இல்லாமல் போனது. 2015 மார்ச்சில் லீ குவான் யூ காலமானார். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் இவர் தூதரகத்துக்குப் போகிறார். ஒரு நாடு முழுசாக மாறி முடிந்துவிட்டது. அந்த வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. 1980இல் எடுத்து வைத்த கோப்பு, 2015இல் வந்தவரின் பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

நான் எஞ்சினியரிங் படிக்கிறவன். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. 1980 ஜனவரியிலிருந்து 2015 ஜூன் வரை சுமார் 425 மாதம். நீதிமன்றம் கொடுத்த தண்டனை 60 மாதம். வகுத்துப் பாருங்கள், ஏழு மடங்குக்கு மேல் வரும்.

அன்றைக்கே நின்றிருந்தால் தண்டனை கூடவும் இருந்திருக்கலாம், குறையவும் இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. நீதிபதி கொடுத்த தண்டனை 60 மாதம்தான். மிச்சம் 425 மாதத்தை அவருக்கு யாரும் விதிக்கவில்லை. சொந்த ஊர் இல்லை. சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாது. சீனர் வீடுகளில் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே கூடி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து எவ்வளவு முக்கியம் என்று பக்கத்து வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படி 36 விருந்துகள் வந்து போயின. அந்தத் தண்டனையை அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டார்.

ஆறு எப்படி முப்பத்து நாலு ஆனது?

நம்ம சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சமய வகுப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். சஞ்சிதம், பழைய பிறவிகளிலிருந்து சேர்ந்து கிடக்கும் மூட்டை. பிராரத்தம், அந்த மூட்டையிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்து வந்தது. ஆகாமியம், அதை அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்த்துக்கொள்வது. தமிழில் இதற்கு அழகான பெயர் உண்டு: ஏறுவினை. ஏறிக்கொண்டே போகும் வினை.

எனக்கு ரொம்ப நாள் இந்த மூன்றாவது புரியவே இல்லை. பழையதை அனுபவிக்கும்போது கணக்கு குறையத்தானே வேண்டும், எப்படி ஏறும்? இந்த வழக்கைப் படித்த பிறகுதான் புரிந்தது. வந்ததை நின்று வாங்கிக்கொண்டால் குறையும். வந்ததைப் பார்த்து ஓடினால் ஏறும். ஓடுவதற்கு ஒரு பொய் வேண்டும். அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய் வேண்டும். பிணைக்காக நம்மை நம்பி நின்றவருக்கும் துரோகம் செய்ய வேண்டும். இங்கே நாம் இல்லாத நேரத்தில், மூடி வைத்திருந்த மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆறு, 34 ஆகும்.

தம்பி கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. கர்மா லீவு எடுப்பதே இல்லை. போலீஸ் வந்து கதவைத் தட்டும் நாள்தான் கர்மா வேலை செய்யும் நாள் என்று நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய வீட்டில் இருக்கிறவர் போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறாரா, யார் பெயரில் சொத்து வாங்குவது என்று தூக்கமில்லாமல் புரள்கிறாரா என்பதெல்லாம் மாலை போடும் நேரத்தில் நம்ம கண்ணுக்குத் தெரியாது. சிலர் இந்தப் பிறவியில் சட்டத்திடம் மாட்டாமலே போய்விடலாம். சட்டம் ஒரு பிறவிக்குள் நடக்கும் வேலை. வினைக்கு அந்த அவசரம் கிடையாது.

மீதிப் பாதிப் பதிலும் சொல்ல வேண்டும். வினைப்பயனைக் கொடுப்பது இறைவன் நம்மைப் பழிவாங்குவதற்கு இல்லை. சித்தாந்தத்தில் அறக்கருணை, மறக்கருணை என்று இரண்டு சொல் உண்டு. தட்டிக்கொடுப்பது அறக்கருணை. அடித்துத் திருத்துவது மறக்கருணை. இரண்டும் கருணைதான். காய்ச்சலுக்கு அம்மா கொடுக்கும் கஷாயம் மாதிரி. வாயை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடலாம், ஆனால் கஷாயம் ஆறிப்போய் இன்னும் கசக்குமே தவிர, காய்ச்சல் போகாது.

மாணிக்கவாசகர் பணம் எடுக்கவில்லையா?

இப்போது உங்களில் விவரமான ஒருவர் கேட்பார்: "அப்படின்னா மாணிக்கவாசகர்? அவர் அரசாங்கப் பணத்தை எடுத்துக் கோயில் கட்டலையா?"

நல்ல கேள்வி. மூடி மறைக்கக் கூடாத கேள்வி. திருவாதவூரர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கிவரச் சொல்லி அரசன் பெரும் பொருள் கொடுத்து அனுப்பினான். வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக வந்த சிவபெருமான் ஆட்கொண்டார். கொண்டுபோன பொருள் முழுவதும் திருப்பணிக்கும் அடியார்களுக்கும் செலவானது. குதிரை வரவில்லை. இன்றைய பாஷையில் சொன்னால், ஒதுக்கிய நிதி வேறு திட்டத்துக்குப் போய்விட்டது.

ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அரசன் ஆள் அனுப்பி அழைத்தான். வாதவூரர் என்ன செய்தார்? திருப்பெருந்துறை ஒரு கடற்கரைப் பக்கத்து ஊர். கப்பல் ஏற நினைத்திருந்தால் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. மதுரைக்கு நடந்தார். ஆவணி மூலத்தன்று குதிரை வரும் என்று இறைவன் சொன்னதை அரசனிடம் சொல்லிவிட்டு அங்கேயே இருந்தார். நரிகள் பரிகளாக வந்தன. அன்றிரவே மறுபடியும் நரிகளாகிப் போய்விட்டன. அரசன் கோபத்தில் அவரை வைகை ஆற்றுச் சுடுமணலில் நிறுத்தினான். நின்றார்.

அதற்குப் பிறகுதான் வைகை பொங்கியது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று உத்தரவு போனது. ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே பிட்டுக் கூலிக்கு வந்து மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். அந்த அடி எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. இந்தக் கடைசிக் காட்சியைத்தான் நாம் கோயிலில் விழாவாகக் கொண்டாடுகிறோம். எனக்கு இப்போது அதற்கு முந்தின காட்சிதான் முக்கியமாகத் தெரிகிறது: சுடுமணலில் நகராமல் நின்ற ஒரு மனிதர். தனக்காக ஒரு காசு எடுக்காதவர். அவரிடமே கணக்குக் கேட்கப்பட்டது. அவரும் "நான் கோயிலுக்குத்தானே செலவு பண்ணினேன்" என்று மல்லுக்கு நிற்கவில்லை. நின்றதால் இறைவன் வந்தார்.

அதனால், நண்பர்களே, மாணிக்கவாசகர் கதையை நம்ம கணக்குக் குளறுபடிக்குச் சாக்காகச் சொல்லாதீர்கள். அவர் மாதிரிச் செலவு செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் அவர் மாதிரி நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெள்ளைப் பொடி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்வோம். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் பாகம். அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் பூசிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். முடி அளவு விரிசல் இருந்தாலும் சாயம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பிறகு மேலே உள்ள சாயத்தை முழுக்கத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருந்த சிவப்பை அந்த வெள்ளைப் பொடி மெதுவாக வெளியே இழுக்கும். வெள்ளைக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு. அதுதான் விரிசல்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் திருநீறு ஞாபகம் வந்தது. நாம் நெற்றி நிறையப் பூசுகிறோம். மூடுவதற்குப் பூசுகிறோமா, உள்ளே இருப்பதை வெளியே இழுக்கப் பூசுகிறோமா?

அந்த விரிசல் எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். ஒரே நாளில் பெரிய பாரம் ஏற்றி உடைவது குறைவு. தாங்கக்கூடிய அளவுக்குக் கீழேதான் சுமை. ஆனால் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் விரிசல் ஒரு துளி நீளும். "இந்த ஒரு தடவை தாங்கிருச்சே" என்று உலோகம் நினைத்துக்கொள்ளும். அந்த நாடாளுமன்ற உறுப்பினரின் கணக்கிலும் 1973 முதல் 1979 வரை ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு நாளில் உடைந்தது இல்லை.

என் கணக்கு

இப்போது என் கதை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மாணவர் சங்கத்தில் நான் பொருளாளர். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்காக மாணவர்களிடம் பத்து வெள்ளி, ஐந்து வெள்ளி என்று வசூல் செய்தோம். பணம் என் அறையில், ஒரு பழைய மைலோ டின்னில் இருந்தது. ஒரு நாள் என் மோட்டார் வழியில் நின்றுவிட்டது. பட்டறையில் 180 வெள்ளி கேட்டார்கள். கையில் இல்லை. கல்விக் கடன் பணம் வர இரண்டு வாரம் இருந்தது. டின்னிலிருந்து எடுத்தேன். திருடுகிறேன் என்று நினைக்கவே இல்லை. "கைமாத்துதானே, வந்ததும் போட்டுடலாம்" என்றுதான் நினைத்தேன்.

கடன் பணம் தாமதமானது. அதற்குள் தலைவி அக்கா கணக்கு கேட்டார். "பரீட்சை முடியட்டும் அக்கா" என்று செய்தி அனுப்பினேன். அடுத்த வாரம் "காய்ச்சல்" என்றேன். மூன்றாவது வாரம் போனையே எடுக்கவில்லை. அக்காவைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கும் போகவில்லை. கேன்டீனில் அவர் உட்கார்ந்திருந்தால் வேறு வாசல் வழியாகப் போனேன். 180 வெள்ளிக்காக நான் சாமி கும்பிடுவதையே விட்டுவிட்டேன், தெரியுமா? யாரும் என்னைத் துரத்தவில்லை. நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பணம் வந்ததும் டின்னில் போட்டேன். கணக்கு சரியாகிவிட்டது. ஒரு காசு குறையவில்லை. இனி யாருக்கும் தெரியாது. ஆனாலும் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"காசைத் திருப்பிப் போட்டுட்டியா தம்பி?"

"போட்டுட்டேன் அக்கா. எண்ணிப் பாருங்க, சரியா இருக்கும்."

"அப்போ அதையும் கணக்குப் புத்தகத்துல எழுது. எடுத்த தேதி, போட்ட தேதி, ரெண்டும்."

"எழுதினா எல்லாரும் பார்ப்பாங்களே அக்கா…"

"பார்க்கத்தான் தம்பி கணக்கு."

எழுதினேன். என் கையெழுத்தில், என் பெயர் போட்டு. செயற்குழுக் கூட்டத்தில் நானே வாசித்தேன். ஒருவன் முணுமுணுத்தான். ஒரு தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பணப் பொறுப்புக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. விழா நாட்களில் செருப்பு வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வருத்தம் உண்டு. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் போய்க் கற்பூர ஆரத்தி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அந்த நிம்மதிக்கு நான் 180 வெள்ளிக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

அதனால்தான் அந்த முதியவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஓடிய தூரம் பெரிது, நான் ஓடிய தூரம் சிறிது. திசை ஒன்றுதான். 81 வயதில் அவர் திரும்பி நின்றார் என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை. 35 ஆண்டுத் தாமதம். ஆனாலும் அந்தத் தூதரகத்துக்குள் எடுத்து வைத்த அடி வீட்டை நோக்கிய அடி. திரும்பி நிற்க வயது தாண்டிவிட்டது என்று யாருக்கும் கிடையாது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் யாரும் இன்றைக்கு நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. ஆனால் நாளைக்கு அங்கே உட்காரப் போகிறவர்கள் இன்றைக்கு எங்கேயோ ஒரு சங்கத்தில் பொருளாளராக, முகாம் ஏற்பாட்டாளராக, கோயில் தொண்டராக இருக்கிறார்கள். அங்கே பழகுவதுதான் இங்கேயும் வரும். எனவே ஒரு செருப்புக் காவலாளியின் சில வேண்டுகோள்கள்.

வசூலித்த பணத்தை அறையில் வைக்காதீர்கள். அன்றன்றே சங்கத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள். இது உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை, உங்களைக் காப்பாற்றச் சொல்வது. என் டின்னுக்கு இரண்டாவது சாவி இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு வெள்ளி வாங்கினாலும் ரசீது கொடுங்கள். மாதம் ஒரு முறை வழிபாடு முடிந்ததும் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசியுங்கள். சாமி முன்னால் வாசிக்கக் கூச்சமாக இருக்கிற கணக்கு எதுவோ, அதை முதலில் சரி செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஏற்கனவே தவறு செய்துவிட்டு, யாருடைய போனையோ எடுக்காமல், எந்த வாசல் வழியாகப் போவது என்று பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி, தங்கை யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நில்லுங்கள். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். இன்றைக்கு அது ஆறு. நாளைக்கு முப்பத்து நாலு. திட்டு விழும், பொறுப்பு போகலாம், நாலு பேர் பேசுவார்கள். அது சுடுமணல். ஆனால் அங்கே நிற்கிறவரைத் தேடித்தான் நம் சாமி மண்வெட்டியும் கூடையுமாக வருகிறார்.

கை தூக்கிக் கேட்ட தம்பிக்கு நன்றி. அடுத்த வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வந்தால் செருப்பு வைக்கும் இடத்தில் என்னைப் பார்க்கலாம்.

திருச்சிற்றம்பலம்.